நாட்டு நலனும் விலக்களிப்பும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, பொருள் எதுவென்று நாம் நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குச் சில நாட்களின் முன்னர்தான், எம்மிடம் பயின்று பொறியியலாளராகி இப்பொழுது அமெரிக்காவில் ஆராய்ச்சி புரிந்துவரும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வெலிமடைக்கு வந்து எம்மைக் கண்டு சென்றார். அந்நாட்டில் நிரந்தர வதிவுரிமை பெறுவதற்கென அவர் ஆயத்தஞ் செய்து வைத்திருந்த கோவையையும் உடன் கொண்டுவந்திருந்தார். ‘நாட்டு நலன் கருதிய விலக்களிப்பு’ என்பது அக்கோவையின் தலைப்பு. இதனைத் தோட்டத்திலுள்ள தம் அப்பாயிக்கு எவ்வாறு விளக்குவது என்று அவர் எம்மைக் கேட்டார். தாம் விளக்க முயன்றபோது அம்மூதாட்டி சொன்ன மறுமொழியையும் கூறினார்: “நம்மகிட்டயும் அப்பக் கடதாசி கேட்டாங்கதானே?”

அவ்வொரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்து. பேரனிடம் இன்று ஒரு நாடு கேட்கும் கடதாசியும், அப்பாயியிடம் அன்று ஒரு நாடு கேட்ட கடதாசியும் ஒன்றல்ல. அவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வது, வெளிநாடு செல்ல எண்ணும் மாணாக்கர்க்கும், சென்றுவிட்ட பழைய மாணவர்க்கும், அவர்களை அனுப்பிவைக்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்தரும் என நம்புகின்றோம்.

விலக்களிப்பு என்பது யாது?

ஒரு சட்டம் யாவர்க்கும் பொதுவாக ஒரு நிபந்தனையை விதித்து, பின்னர் இன்ன காரணம் உண்டாயின் அந்நிபந்தனையை நிறைவேற்ற வேண்டுவதில்லை என்று தானே தளர்த்திக் கொள்ளுமாயின், அத்தளர்வே விலக்களிப்பாகும். அது சலுகையேயன்றி உரிமையன்று. விண்ணப்பிப்பவர் காரணங் காட்டல் வேண்டும். அதிகாரி அதனை ஏற்றல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் தொழில் வழியாக நிரந்தர வதிவுரிமை பெறுவோர்க்கு ஆண்டுதோறும் 1,40,000 இடங்கள் அளவில் ஒதுக்கப்படுகின்றன. விண்ணப்பதாரரின் மனைவி மக்களும் இத்தொகையுள் அடங்குவர். இவ்விடங்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டாவது வகுப்பு, முதுமாணி முதலிய உயர் பட்டம் உடையோர்க்கும், விஞ்ஞானம், கலை, வணிகம் ஆகிய துறைகளில் சிறப்பாற்றல் உடையோர்க்கும் உரியது. இளமாணிப் பட்டத்தின்பின் படிப்படியாக உயர்ந்த ஐந்தாண்டு அனுபவம் உடையோரும் உயர் பட்டம் உடையோராகவே கொள்ளப்படுவர்.

இவ்வகுப்பினர்க்குப் பொதுவாக இரண்டு நிபந்தனைகள் உள. அந்நாட்டில் ஒரு தொழில் வழங்குநர் நிரந்தர வேலை தருவதாக முன்வரல் வேண்டும் என்பது ஒன்று. அவ்வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உடைய உள்நாட்டார் கிடைத்திலர் என்பதைத் தொழில் திணைக்களம் சான்றுபடுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இவ்விரண்டு நிபந்தனைகளையும் ‘நாட்டு நலன்’ கருதித் தளர்த்துவதற்கு இடமளித்தது. விலக்களிப்பு வேண்டுவோர் தொழில் வழங்குநரை எதிர்பாராது தாமே மனுதாரராக நிற்கலாம்.

இங்கு மாணாக்கர் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். தளர்த்தப்படுவன வேலை வாக்குறுதியும் தொழிற் சான்றும் மட்டுமே. உயர் பட்டம் என்னும் தகைமை தளர்த்தப்படுவதில்லை. உடல்நலம், நன்னடத்தை பற்றிய பரிசோதனைகளும் அவ்வாறே. வரிசையும் தளர்வதில்லை. எந்நாட்டிற் பிறந்தோர்க்கும் மொத்த இடங்களில் நூற்றுக்கு ஏழுக்கு மேற்படலாகாது என்னும் எல்லையும் அங்கு உண்டு. இவ்வெல்லையை அளக்கும்போது அச்சட்டம் நோக்குவது விண்ணப்பதாரரின் பிறந்த நாட்டையே. அவர்தம் பாட்டனாரின் நாட்டையன்று. இந்தியாவிற் பிறந்தோர் வரிசையில் மிகப் பல ஆண்டுகள் காத்து நிற்க, வெலிமடையிற் பிறந்தவர் இலங்கையர் வரிசையில் நிற்கின்றார். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இதற்கு மீளுவோம்.

மூன்று வினாக்கள்

‘நாட்டு நலன்’ என்பது யாதென்று சட்டம் விளக்கிற்றிலது. அதனை விளக்கும் பொறுப்பு மேன்முறையீட்டு அலுவலகத்தைச் சார்ந்தது. 1998ஆம் ஆண்டில், பாலங்கள் பற்றிய பொறியியலாளர் ஒருவருக்காக நியூ யோர்க் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களம் செய்த மனு மறுக்கப்பட்டது. பாலங்களைப் பேணுதல் நற்பணி என்பதை அலுவலகம் மறுக்கவில்லை. ஆயினும், திறமையுடைய பொறியியலாளர் போதாமை உண்டாயின் அதனைச் சொல்லுதற்குரிய இடம் தொழிற் சான்று முறையே என்றும், அம்முறையைத் தவிர்ப்பதற்கு அஃது ஒன்றே போதிய காரணமாகாது என்றும் கூறிற்று. அத்தீர்ப்பு பதினெட்டு ஆண்டுகள் அளவுகோலாக நின்றது.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் தேதி வெளிவந்த தனசார் வழக்கின் முடிவு பழைய அளவுகோலை நீக்கிப் புதியதொன்றை நிறுவிற்று. மனுதாரர் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர். வடகரோலைனாவிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றிற் கற்பித்தும் ஆராய்ந்தும் வந்தவர். அம்முடிவு மூன்று வினாக்களை வகுத்தது. நீர் செய்யக் கருதும் பணி கணிசமான மதிப்பும் நாடளாவிய முக்கியத்துவமும் உடையதா என்பது முதலாவது. அப்பணியை முன்னெடுத்துச் செல்லுதற்கேற்ற நிலையில் நீர் இருக்கின்றீரா என்பது இரண்டாவது. எல்லாவற்றையும் சீர்தூக்கின், வேலை வாக்குறுதியும் தொழிற் சான்றும் வேண்டா என்று தளர்த்துவது நாட்டுக்கு நன்மை தருமா என்பது மூன்றாவது.

அவ்வழக்கிலே ஆசிரியர்களாகிய எம்மைச் சிந்திக்க வைத்த ஒரு பகுதி உண்டு. மனுதாரரின் ஆராய்ச்சி நாடளாவிய முக்கியத்துவம் உடையதென ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் கற்பித்தலும் மதிப்புடையதே எனப்பட்டது. எனினும், அதன் பயன் அவர்தம் வகுப்பறைக்கு அப்பால் விஞ்ஞானக் கல்வி முழுவதையும் பரந்து தொடும் என்பதற்குச் சான்று போதாது எனப்பட்டது. சட்டத்தின் நோக்கில் அம்முடிவு பிழையன்று. ஆனால், ஒரு வகுப்பறையின் பயன் எத்துணைத் தூரம் செல்லும் என்பதை மலைநாட்டிற் கற்பித்தோர் அறிவர். எமது வாங்குகளில் அமர்ந்திருந்த பிள்ளை ஒருவரின் மனுவே இன்று அவ்வலுவலகத்தின் மேசைக்குச் செல்லவிருக்கின்றது அன்றோ?

வைத்தியர்க்கு உரிய விலக்களிப்பு

வைத்தியர் திறத்தில் வேறொரு விலக்களிப்பும் உண்டு. பரிமாற்ற வருகையாளர் என்னும் நுழைவுச் சான்றில் அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவப் பயிற்சி பெறும் வெளிநாட்டு வைத்தியர், பயிற்சி முடிந்தபின் தாய்நாட்டிலே மொத்தம் இரண்டாண்டுகள் வசித்த பின்னரே நிரந்தர வதிவுரிமை கோரலாம் என்பது பொது விதி. கற்ற வித்தையைத் தாய்நாடு அனுபவித்தல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஏனைய பலர் தம் நாட்டு அரசின் ஆட்சேபமின்மைக் கடிதத்தைக் கொண்டு இவ்விதியினின்று நீங்கலாம். பயிற்சிக்குச் சென்ற வைத்தியர்க்கு அவ்வழி இல்லை.

வைத்தியர்க்குத் திறந்துள்ள வழி பிறிதொன்று. 1994ஆம் ஆண்டு செனற்றர் கொன்றாட் என்பாரின் பெயரால் அமைந்த திட்டத்தின்படி, வைத்தியர் போதாத பகுதியொன்றில் மூன்றாண்டுகள் முழுநேரம் பணிபுரிய உடன்படுவோர்க்கு அவ்விரண்டாண்டு விதி தளர்த்தப்படலாம். தொடக்கத்தில் மாநிலம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 20 பேராயிருந்த தொகை, 2002இல் 30 ஆயிற்று. அன்றியும், அத்தகைய பகுதியில் ஐந்தாண்டுகள் பணிபுரியும் வைத்தியர்க்கு நாட்டு நலன் விலக்களிப்பும் உண்டு.

இதனை ஊவாவில் இருந்து நோக்குவோர்க்கு உள்ளம் சற்றே கனக்கும். அமெரிக்கர் தம் கிராமத்துக்கு வைத்தியர் இல்லை என்று உணர்ந்து, அதற்காகத் தம் சட்டத்தையே வளைத்துக் கொடுக்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து எம் நாட்டினின்றும் வைத்தியர் பலர் புறப்பட்டுச் சென்றதை நாம் கண்டோம். தோட்டத்து நோயாளி ஒருவர் நிபுணரைக் காணப் பதுளைக்கோ அதற்கும் அப்பாலோ செல்ல நேர்வதையும் காண்கின்றோம். சென்றவரை நாம் குறை கூறோம். பற்றாக்குறையான இடத்திற் பணிபுரிவோர்க்குச் சட்டத்தால் ஒரு நன்மை செய்யலாம் என்னும் பாடத்தை எம் நாடும் கற்கலாமே என்பதே எம் கருத்து.

எம் நாட்டிலும் ஒரு சிறுவாயில் இருந்தது

நிற்க. விலக்களிப்பு என்பது அமெரிக்கர் கண்டுபிடித்ததொன்று எனக் கருதலாகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்திலும் அத்தகைய வாயில் ஒன்று இருந்தது. சிறந்த பொதுச்சேவை புரிந்தோரையும், உயர்தொழில், வணிகம், கைத்தொழில், விவசாயம் ஆகியவற்றில் மேன்மை எய்தினோரையும் பிரசைகளாகப் பதிவுசெய்ய அமைச்சருக்கு அது அதிகாரமளித்தது. அவ்வாறு பதியப்படுவோர் ஆண்டொன்றுக்கு 25 பேருக்கு மேற்படலாகாது. இருபத்தைவர்! அக்காலை மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தோரோ பல இலட்சத்தினர்.

ஏனையோர்க்கு அச்சட்டம் விடுத்த வினா வேறு. 1948 நவம்பர் 15ஆந் தேதிக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவர்தம் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். தாம் இங்கே பிறந்தமை மட்டும் போதாது. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த லயன் குடியிருப்பிலே, பாட்டனின் பிறப்புக்குப் பத்திரம் தேடுவோர் எங்குச் செல்வர்? அக்காலத்துத் தோட்டத் தொழிலாளி கையிற் கண்ட கடதாசி பெரும்பாலும் ‘துண்டு’ ஒன்றே. அதுவும் அவர்தம் கடனைக் குறித்து, ஒரு தோட்டத்தினின்று இன்னொன்றுக்கு அவரைக் கைமாற்றிய சீட்டாகும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். போதிய வருமானம் இருத்தல் வேண்டும். 1951 ஓகஸ்ட் 5ஆந் தேதிக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். ஏறக்குறைய 8 இலட்சத்து 24 ஆயிரம் பேரைக் குறித்து விண்ணப்பங்கள் சென்றன. முடிவில் உரிமை பெற்றோர் 1 இலட்சத்து 34 ஆயிரம் அளவினரே. ஊர் சென்று மீளச் சுணங்கியமை, தோட்டப் பதிவிலும் விண்ணப்பத்திலும் பெயர் வேறுபட்டமை போன்றனவெல்லாம் விசாரணையிலே வினாக்களாயின.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பதுளையினின்றும் பண்டாரவளையினின்றும் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களைப் புகையிரத நிலையத்தில் நின்று வழியனுப்பியோர் எம்மிடையே இன்னும் உளர். 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் நிலையைப் பெரிதும் குறைத்தன. ஈற்றில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்கட்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. நீண்ட விசாரணைகளை ஒதுக்கிய அச்சட்டத்தையே யாவர்க்கும் பொதுவான பெரு விலக்களிப்பு எனலாம். அது வருதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

மூன்று வினாக்களை எம் முன்னோரிடம் கேட்டிருந்தால்?

இனி, தொடக்கத்திற் கூறிய இரு கடதாசிகளையும் ஒப்பிடுவோம். பேரனிடம் கேட்கப்படுவது: ‘உம்மால் எம் நாட்டுக்கு என்ன நன்மை?’ அப்பாயியிடம் கேட்கப்பட்டது: ‘உன் பாட்டன் எங்கே பிறந்தான்?’ முதல் வினா உழைப்பை நோக்குவது. இரண்டாவது உதிரத்தை நோக்குவது. தனசார் வழக்கின் மூன்று வினாக்களை 1948இல் ஊவாத் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்திலே யாரேனும் கேட்டிருந்தால் விடை யாதாகும்?

பணி நாடளாவிய முக்கியத்துவம் உடையதா? தேயிலையே அந்நாளில் இத்தீவின் ஏற்றுமதிக்கு முதுகெலும்பு. அரசின் வருவாயும், பாடசாலையும், ஆசுபத்திரியும் அதனைச் சார்ந்து நின்றன. பணியை முன்னெடுக்கும் தகைமை அவர்களிடம் இருந்ததா? யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றிலே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் ஒரு தனி மணம் வாய்க்கின்றது. அப்பருவத்திற் செங்குத்தான சரிவிலே கூடை சுமந்து நின்று, முற்றிய இலையை விலக்கிக் கொழுந்தை மட்டும் விரல் நுனியால் விரைந்து கொய்யும் கலை ஓரிரு நாளிற் கைவருவதன்று. அதற்குப் பட்டமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆயினும் அது திறமையே. இந்தியா சென்ற குடும்பங்களுக்கென நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியபோது, அங்கே அவர்கள் உடன் கொண்டுசென்ற முதல் இத்திறமையன்றி வேறு யாது? மூன்றாவது வினா: நிபந்தனையைத் தளர்த்தினால் நாட்டுக்கு நன்மை உண்டா? அவர்களை நீக்கிவிட்டு அத்தோட்டங்களை எவர் நடத்தியிருப்பர் என்று கேட்டாலே விடை கிடைக்கும்.

மூன்றிலும் அவர்கள் தேறியிருப்பர். ஆனால் எவரும் கேட்கவில்லை. இருபத்தைந்து பேர்க்கான சிறுவாயிலிற் புகுதற்கு ‘மேன்மை’ வேண்டப்பட்டது. மேன்மை என்பது பட்டத்தாலும் பதவியாலும் அளக்கப்பட்டது. இன்றும் பல நாடுகளிலே அஃது அவ்வாறே அளக்கப்படுகின்றது. 1967 முதல் புள்ளியிட்டுத் தெரிவுசெய்யும் கனடாவிலும் படிப்புக்கும் மொழிக்கும் உரிய புள்ளிகள் உள. ஆதலின் எம் மாணாக்கர் இரண்டு உண்மைகளை ஒருங்கே பற்றிக்கொள்ளல் வேண்டும். கல்வி அவர்க்கு அவர்தம் முன்னோர்க்கு இல்லாத ஒரு வாயிலைத் திறந்துள்ளது, இஃது ஒன்று. அவ்வாயில் திறந்தமையால் அவர் தம் முன்னோரினும் மேம்பட்ட மனிதராகிவிடவில்லை, இது மற்றொன்று.

மாணாக்கர் கவனிக்க வேண்டியவை

பயன் கருதிச் சில சொற்கள் கூறி அமைவோம்.

முதலாவது, பத்திரங்களைப் பேணுக. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், பாடசாலைப் பதிவில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் ஒரு பெயருமாக இருப்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். ஓரெழுத்துப் பிழையால் எம் முன்னோர் பட்ட பாட்டை மேலே கண்டோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே அவற்றைத் திருத்திக்கொள்க.

இரண்டாவது, பணியைத் தெளிவாகச் சொல்லப் பழகுக. ‘யான் சிறந்த பொறியியலாளர்’ என்பது விலக்களிப்புக்குப் போதாது. இன்ன பணியைச் செய்யப்போகின்றேன், அதனால் இன்ன பயன் விளையும், அதற்குச் சான்று இது என்று நிரல்படக் கூறல் வேண்டும். பரிந்துரைக் கடிதமும் புகழுரையாக அமையாது, செய்த செயலைச் சுட்டுவதாக அமைதல் நன்று. எமது பழைய மாணவரின் கோவையில் எமக்குப் பிடித்த கடிதம் மிகக் குறுகியதே. அவர் ஆராய்ந்து கண்டது யாது, அதனை எவர் பயன்படுத்துகின்றனர் என்னும் இரண்டையே அது கூறிற்று.

மூன்றாவது, பொய் கலவாதீர். குடிவரவு விண்ணப்பத்தில் வேண்டுமென்று உரைக்கும் ஒரு பொய் வாழ்நாள் முழுவதும் நுழைவைத் தடுக்கவுங் கூடும். ‘நிச்சயம் பெற்றுத் தருவோம்’ என்று பணங் கேட்கும் தரகரை நம்பற்க. விலக்களிப்பு அதிகாரியின் தற்றுணிபிலுள்ளது. அதனை விற்பார் எவரும் இலர். விதிகளும் அடிக்கடி மாறுவன. ஆதலின் அவ்வந்நாட்டு அரசின் அறிவித்தலையே முதற்கண் நோக்குக.

நான்காவது, வாயில் வெளியே மட்டும் உள்ளதென எண்ணற்க. 2005இற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டக் கற்கையாகவே உள்ளது. அப்பாயி கையாற் கற்றதைப் பேரப்பிள்ளை நூலாற் கற்று, இம்மலையிலேயே அதனை உயர்த்தலாம்.

முடிவாக ஒன்று. எமது பழைய மாணவர் விடைபெறும் வேளையில், அப்பாயிக்குச் சொல்ல வேண்டிய விளக்கத்தை இவ்வாறு கூறி அனுப்பினோம்: ‘உங்களிடம் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார்கள், என்னிடம் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள் என்று சொல்லும்.’ அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “இங்கே யாராவது அதைக் கேட்டால் என்ன சொல்வது, ஐயா?” என்றார்.

அவ்வினாவுக்கு நாம் விடை கூறவில்லை. உலகின் எத்திசையில் இருப்பினும், எம் கல்லூரியின் மக்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கூறிக்கொள்ள வேண்டிய விடை அது. அயல்நாட்டு அதிகாரிக்கு நாட்டு நலனை நிறுவிக் காட்டப் பக்கம் பக்கமாக எழுதும் கை, வெலிமடையில் ஒரு பிள்ளையின் படிப்புக்காகவும், ஒரு நூல்நிலையத்துக்காகவும், ஒரு வைத்தியசாலைக்காகவும் ஓரிரு வரி எழுதுமாயின், அம்மூன்று வினாக்களுக்கும் இம்மண்ணிலும் விடை கிடைத்ததாகும். அதற்கு எவரது விலக்களிப்பும் வேண்டுவதில்லை.